கோப்பில் யார் பெயர்?

செண்டாயில் ரயிலேறினால் இஷினோமாக்கிக்கு ஒரு மணி நேரம். நடுவில் மட்சுஷிமா விரிகுடா வருகிறது. பைன் மரங்களைச் சுமந்துகொண்டு குட்டிக் குட்டித் தீவுகள் கடலில் நிற்கும் இந்தக் காட்சியை ஜப்பானியர்கள் தங்கள் நாட்டின் மூன்று பேரழகுகளில் ஒன்று என்பார்கள். பெட்டியில் இருந்த பள்ளிப் பிள்ளைகள் யாரும் செல்போனிலிருந்து தலை தூக்கவில்லை. விரிகுடாவைத் தாண்டியதும் தண்டவாளம் கரையை விட்டு விலகி மேட்டில் ஏறுகிறது. 2011 மார்ச் 11 சுனாமி பழைய பாதையைச் சிதைத்துவிட்டதால் 2015இல் உள்ளே தள்ளிப் போட்ட பாதை இது. நோபிரு என்ற பழைய ஸ்டேஷன் கீழேயே நிற்கிறது, நினைவுக் கூடமாக.

"அண்ணே, இந்தப் பக்கம் எதப் பாத்தாலும் முதல்ல ஒன்னு கேட்டுக்கங்க. இது பழைய இடமா, புது இடமா?" என்றார் கூட வந்த தம்பி. மன்னார்குடிக்காரர், செண்டாயில் ஆராய்ச்சி மாணவர். அவர் இல்லாவிட்டால் இந்தப் பயணத்தில் எனக்கு வாயும் கிடையாது, காதும் கிடையாது.

நான் பார்க்க வந்தது கோயிலையோ செர்ரிப் பூவையோ அல்ல, ஆஸ்பத்திரிகளை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் கொண்டுபோன சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் பாதி ஆள்தான் இருக்கிற நாள். அப்படி ஒரு காலையில் உள்ளே இருக்கிற நர்ஸுக்கும் வார்டு ஊழியருக்கும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்குமா? இந்தக் கேள்வி எனக்குள் நெடுநாளாகக் கிடந்தது. ஜப்பானில் 2011இல் வேறெந்த நகராட்சியையும் விட அதிக உயிர்களை இழந்தது இஷினோமாக்கி. இறந்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேல். நூற்றுக்கணக்கானவர்கள் கிடைக்கவே இல்லை. அதே நகராட்சி எல்லைக்குள் மூன்று மருத்துவமனைகளுக்கு, ஒரே பிற்பகலில், ஒரே கடலால், மூன்று விதமான கதி வாய்த்தது.

இஷினோமாக்கி ஸ்டேஷன் வாசலில் காமிக்ஸ் வீரர்களின் பொம்மைகள் வரவேற்கின்றன. இஷினோமோரி ஷோதாரோ என்ற புகழ்பெற்ற படக்கதைக் கலைஞரின் பெயரால் இங்கே ஒரு காட்சியகம் இருப்பதால் ஊர் முழுக்க அவருடைய பாத்திரங்கள் நிற்கின்றன. ஸ்டேஷனை ஒட்டி நகராட்சி மருத்துவமனை. தம்பி சொன்னபடி கேட்டேன். புது இடம்தான், 2016இல் இங்கே வந்திருக்கிறது. பழைய இடத்தைப் பார்க்க ஹியோரியாமா குன்றில் ஏற வேண்டும்.

மூச்சு வாங்க வைக்கிற ஏற்றம் அல்ல. மேலே போய் நின்றால் வலதுபக்கம் கடலும் இடதுபக்கம் ஆறும், இரண்டுக்கும் நடுவே பரந்த புல்வெளியும் தெரிகின்றன. வீடும் கடையுமாக நெருங்கியிருந்த மினாமிஹாமா பகுதி அது. இப்போது நினைவுப் பூங்கா. 206 படுக்கை கொண்ட நகராட்சி மருத்துவமனை அங்கேதான், ஆறு கடலில் விழும் முனையருகே இருந்தது. நிலநடுக்கம் வந்தபோது மாடியில் ஒரு வயிற்று அறுவைச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. பாதியில் நிறுத்தித் தையல் போட்டு மூடினார்கள். கொஞ்ச நேரத்தில் தரைத்தளம் மூழ்கியது. மின்சாரம் போயிற்று, தண்ணீர் போயிற்று, தொலைபேசியும் போயிற்று. உள்ளே நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகள், சுற்றிலும் சேறும் சிதைவும். ஊருக்குள்ளேயே இருந்தும் அவர்கள் நிலை வெளியே தெரியவில்லை. கடைசியில் ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவர் இடிபாடுகளுக்கு நடுவே நடந்தே போய் உதவி கேட்டார். பிறகுதான் நோயாளிகளை ஹெலிகாப்டர்களில் ஏற்றி வெளியேற்றினார்கள்.

பூங்காவில் அந்த நாளைப் பற்றி வருகிறவர்களுக்குச் சொல்லும் முதியவர்கள் இருக்கிறார்கள். எங்களிடம் பேசிய பாட்டியின் கணவர் நுரையீரல் நோயாளி. வீட்டில் மின்சார இயந்திரத்தில் ஆக்ஸிஜன் எடுத்துக்கொண்டு வாழ்ந்தவர். வீடு மேட்டில் இருந்ததால் வெள்ளம் தொடவில்லை. கரண்ட் போனதுதான் ஆபத்தாயிற்று. "எங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் ராத்திரிக்குள் ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் அவர் போய்விடுவார்" என்று அந்த அம்மா சொன்னதைத் தம்பி நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்த்தார். விளக்கெரிந்த ஒரே பெரிய கட்டடத்தை நோக்கி அவரைக் கூட்டிப்போனார்களாம்.

அந்தக் கட்டடம் செஞ்சிலுவை மருத்துவமனை. நகரத்தின் உட்பகுதியில், ஹெபிதா என்ற இடத்தில், வயலும் கார் ஷோரூமும் கலந்த பகுதியில் நிற்கிறது. பார்த்தால் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத சாதாரணக் கட்டடம். இதுவும் 2006 வரை ஆற்று முகத்துவாரத்தருகேதான் இருந்தது. இஷினோமாக்கி இருக்கும் மியாகி மாநிலத்தின் கடலோரத்தில் முப்பது ஆண்டுகளுக்குள் ஒரு பெரிய நிலநடுக்கம் வருவதற்கு 99 சதவீத வாய்ப்பு என்று ஜப்பானிய அரசின் நிபுணர்கள் சொல்லிவந்த காலம் அது. புதிதாகக் கட்டியவர்கள் கடலை விட்டு உள்ளே வந்தார்கள். கட்டடத்தை ரப்பரும் இரும்பும் அடுக்கிய தாங்கிகளின் மேல் உட்கார வைத்தார்கள். நிலம் ஆடினாலும் மேலே இருப்பது மெதுவாக அசைந்து நின்றுவிடும். ஹெலிகாப்டர் இறங்க இடம் விட்டார்கள். பழைய இடத்திலேயே தங்கிவிட்ட அவர்களுடைய நர்ஸிங் பள்ளி 2011இல் தண்ணீரில் மூழ்கியது. இடம் மாறாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இதெல்லாம் பணத்தால் ஆவது. இந்தப் பயணத்தில் என்னை நிறுத்தி வைத்தது பணம் தேவைப்படாத ஒரு காரியம்.

இஷீ ததாஷி என்று ஒரு அறுவைச் சிகிச்சை மருத்துவர் அங்கே இருந்தார். பேரிடர் வேலை அவர் தலையில் வந்து விழுந்தபோது மருத்துவமனையின் பேரிடர்க் கையேட்டை எடுத்துத் திருத்தினார். எல்லா ஊரிலும் இருக்கிற மாதிரியான கையேடுதான் முன்பு இருந்தது: மருத்துவர் ஒருவர் இதைச் செய்வார், செவிலியர் இருவர் அங்கே நிற்பார்கள் என்ற வகை. இஷீ அதில் ஆட்களின் பெயரைப் போட்டார். கடுமையாக அடிபட்டவர்களைப் பார்க்கும் சிவப்புப் பகுதிக்கு இன்னார் பொறுப்பு, மஞ்சளுக்கு இன்னார், பச்சைக்கு இன்னார், இறந்தவர்களை வைக்கும் கருப்புப் பகுதிக்கு இன்னார். வேலைக்கு ஆள் ஒதுக்குவதில் இது சின்ன மாற்றம்போலத் தோன்றும். 'செவிலியர் ஒருவர்' என்று எழுதிய வரியை யாரும் தன்னுடையது என்று நினைப்பதில்லை. தன் பெயர் போட்ட வரியைப் படித்தவருக்கு அன்று ராத்திரி தூக்கம் கொஞ்சம் கெடும். மறுநாள் போய், அந்தப் பகுதியில் ஆக்ஸிஜன் குழாய் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவார். பிறகு ஒத்திகைகள் நடத்தினார்கள், ஹெலிகாப்டரை வரவழைத்தும் நடத்தினார்கள். தீயணைப்புத் துறை, காவல்துறை, தற்காப்புப் படை ஆட்களோடு உட்கார்ந்து பேசி முகம் பழகிக்கொண்டார்கள். இஷீயை மாநிலத்தின் பேரிடர் மருத்துவ ஒருங்கிணைப்பாளராக நியமித்தது 2011 பிப்ரவரியில். கடல் வந்தது மார்ச்சில்.

பிற்பகல் 2:46க்கு ஆட்டம் தொடங்கியது. நான்கே நிமிடத்தில், 2:50க்கு, மருத்துவமனையின் பேரிடர்த் தலைமையகம் திறந்துவிட்டது. ஒரு மணி நேரத்துக்குள் நான்கு நிறப் பகுதிகளும் தயார். நாங்கள் போன அன்று நுழைவுக் கூடத்தில் வயதானவர்கள் டோக்கன் எண்ணுக்காகக் காத்திருந்தார்கள்.

அதன்பின் நடந்தது யாரும் ஒத்திகை பார்க்காதது. எதிர்பார்த்த அளவு நோயாளிகள் வரவில்லை. ஊர் தண்ணீருக்குள் இருந்தது; வர வழியில்லை. எல்லாரும் கையுறை போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றார்கள். வேலையில் இருந்த பலருக்கும் தங்கள் வீடு என்ன ஆனது, பிள்ளைகள் எங்கே என்று தெரியாது. முதல் நாள் வந்தவர்கள் 99 பேர். மறுநாள் 779. மூன்றாம் நாள் 1,251. படுக்கைகள் 402 மட்டுமே உள்ள மருத்துவமனை இது என்பதை மனதில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் படிக்க வேண்டும்.

வந்தவர்களின் நோயும் எதிர்பார்த்தது அல்ல. இதைப் புரிந்துகொள்ளக் கோபே நகரத்துக்கு ஒரு எட்டு போய் வரவேண்டும். 1995 ஜனவரி 17 அதிகாலை நிலநடுக்கத்தில் அங்கும் சுற்றுப்புறத்திலும் 6,434 பேர் இறந்தார்கள். சரியான சிகிச்சை சரியான நேரத்தில் கிடைத்திருந்தால் இவர்களில் ஐந்நூறு பேர் வரை பிழைத்திருப்பார்கள் என்று பின்னால் கணக்கிட்டார்கள். அந்த ஐந்நூறு பேர் ஜப்பானிய மருத்துவத்தை உலுக்கிவிட்டார்கள். பேரிடர் மையங்களாகச் சில மருத்துவமனைகளைக் குறித்து வைத்தார்கள். 2005இல் 'டிமாட்' என்ற பேரிடர் மருத்துவ அணிகளை உருவாக்கினார்கள். மருத்துவர், நர்ஸ்கள், அவர்களோடு ஏற்பாடுகளைக் கவனிக்கும் ஒருவர். இந்த மூன்றாவது ஆள் பெரும்பாலும் ஆபீஸ் கிளார்க் அல்லது மருந்தாளுநர். வண்டி, தொலைபேசி, டீசல், சாப்பாடு, தகவல் பதிவு எல்லாம் அவர் பொறுப்பு. மருத்துவரும் நர்ஸும் மட்டும் போனால் முதல் நாளே டீசல் தேடி அலைய வேண்டியிருக்கும் என்று அனுபவப்பட்ட நாடு யோசித்த யோசனை.

ஆனால் கோபேயில் மனிதர்கள் இடிபாட்டில் நசுங்கினார்கள். முதல் 48 மணி நேரத்தில் ரத்தக்கசிவையும் நசுங்கிய காலையும் பார்க்கும்படி பழகிய அணிகள் அவை. சுனாமி அப்படி நடந்துகொள்ளவில்லை. தண்ணீரில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள். தப்பியவர்களுக்குப் பெரிய காயம் இல்லை. அன்று பனி பெய்தது. நனைந்த உடம்போடு ராத்திரி முழுக்கக் கூரைமேல் உட்கார்ந்து விறைத்தவர்கள் வந்தார்கள். டயாலிசிஸ் தவறியவர்கள் வந்தார்கள். இன்சுலினும் ரத்த அழுத்த மாத்திரையும் வீட்டோடு போய்விட்டவர்கள் வந்தார்கள். பூங்காப் பாட்டியின் கணவர்போல ஆக்ஸிஜன் தேவைப்பட்டவர்கள் வந்தார்கள். முந்தைய போருக்குத் தயாரான படை அடுத்த போரில் திணறும் என்பது உண்மைதான். ஆனாலும் பெயர் போட்டிருந்த பட்டியல் இங்கே உதவியது. நோய் மாறினாலும் யார் எங்கே நிற்பது என்பதில் குழப்பம் இல்லை. மாற்ற வேண்டியதை யாரிடம் சொல்லி மாற்றுவது என்று தெரிந்திருந்தது.

இஷீயின் ஆட்கள் அதோடு நிற்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட நிவாரண முகாம்கள் முளைத்திருந்தன. எங்கே எத்தனை பேர், என்ன நிலை என்று எவரிடமும் தகவல் இல்லை. நகராட்சியே நீரில் கிடந்தது. மருத்துவ அணிகள் மூன்று நாளில் எல்லா முகாம்களையும் சுற்றிவந்தன. காய்ச்சல் எத்தனை பேருக்கு என்பதோடு, குடிக்கத் தண்ணீர் உண்டா, சாப்பாடு உண்டா, கழிப்பறை எப்படி என்றும் கேட்டு எழுதினார்கள். கழிப்பறை மருத்துவமனையின் வேலையா என்று கேட்டால், நாளை அங்கிருந்து வரப்போகும் வயிற்றுப்போக்கு மருத்துவமனையின் வேலைதானே.

அன்று மாலை விடுதியிலிருந்து ஊருக்குப் போன் போட்டேன். என் அக்கா அரசு மருத்துவமனைகளில் முப்பது வருஷத்துக்கும் மேல் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். இதையெல்லாம் சொன்னதும் சிரித்தார்.

"நாங்களும் மாக் டிரில் பண்ணிருக்கோம்டா. ஒரு வாரம் முன்னாலயே தேதி சொல்லிடுவாங்க. நர்ஸிங் ஸ்டூடன்ட்ஸ் தலையில கட்டுப்போட்டு, சிவப்பு மை ஊத்திப் படுக்க வைப்போம். அதிகாரிங்க வருவாங்க, ஆம்புலன்ஸ் சத்தம் போட்டுட்டு வரும், போட்டோ எடுப்பாங்க. பதினோரு மணிக்கெல்லாம் டீயும் வடையும்."

"அப்ப பிரயோஜனமே இல்லையாக்கா?"

"அப்படிச் சொல்லல. ஸ்ட்ரெச்சர்ல பாதிக்குச் சக்கரம் ஓடலன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. ஆனா ஒன்னு யோசி. நைட் டியூட்டில வார்டுக்கு ஒரு சிஸ்டர், ஒரு ஆயாம்மா, கீழ ஒரு வாட்ச்மேன். ஸ்டோர் சாவி எங்க இருக்குன்னு சிஸ்டருக்குத் தெரியாது. டிரில் என்னைக்காவது ராத்திரி ரெண்டு மணிக்கு நடந்திருக்கா? வர்றது பகல்லதான் வரும்னு யாருக்கு எழுதிக் குடுத்திருக்கு?"

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "ஆயாம்மாவ எந்த டிரில்லயும் கூப்பிட மாட்டாங்க. ஆனா நோயாளியத் தூக்குறது அவதான்."

மறுநாள் தம்பியின் காரில் கிதாகாமி ஆற்றோரமாகக் கிழக்கே போனோம். கரை நெடுக நாணல் காடு. கூரை வேய அறுத்து அடுக்கிவைத்திருக்கிறார்கள். ஒரு பாலத்தருகே ஒகாவா தொடக்கப்பள்ளியின் எலும்புக்கூடு நிற்கிறது. மருத்துவமனைப் பயணத்தில் பள்ளிக்கூடம் எதற்கு என்று தோன்றலாம். இங்கே 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் இறந்தார்கள். நிலநடுக்கத்துக்கும் அலைக்கும் நடுவே ஏறத்தாழ ஐம்பது நிமிடம் இருந்தது; பள்ளிக்குப் பின்னாலேயே குன்று இருந்தது. முற்றத்திலேயே நின்று எங்கே போவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பள்ளியின் கையேட்டில், சுனாமி வந்தால் அருகில் உள்ள காலி மனைக்கோ பூங்காவுக்கோ போகவும் என்று எழுதியிருந்தது. அந்த ஊரில் அப்படிப் போக ஓர் இடம் கிடையாது. பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். 2018இல் செண்டாய் உயர் நீதிமன்றம், அன்றைய பிற்பகலின் தவறோடு நிற்காமல், அதற்கு முன்பே கையேட்டைச் சரிசெய்யாமல் விட்டது பள்ளி மற்றும் நகராட்சியின் அலட்சியம் என்றது. 2019இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிலைநிறுத்தியது. ஒரே நகராட்சியில் ஒரு கையேட்டில் உண்மையான மனிதர்களின் பெயர். இன்னொன்றில் இல்லாத பூங்கா.

அங்கிருந்து சுரங்கப் பாதையைத் தாண்டினால் ஒகாட்சு. கறுப்புப் பலகைக்கல்லுக்குப் பெயர்பெற்ற ஊர். டோக்கியோ ரயில் நிலையத்தின் கூரையில் இந்தக் கல் இருக்கிறது. இப்போது ஊரென்று சொல்ல அதிகம் இல்லை. விரிகுடாவைச் சுற்றி 9.7 மீட்டர் உயரத்துக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். கடலோரக் கிராமத்தில் நின்றுகொண்டு கடலைப் பார்க்க முடியவில்லை. கடலுக்கு நேரெதிரே மூன்று மாடியில் ஒகாட்சு மருத்துவமனை இருந்தது. உள்ளே 40 நோயாளிகள், பெரும்பாலோர் படுக்கையை விட்டு எழ முடியாத முதியவர்கள். பின்னால் மலை. ஊழியர்கள் தனியாக ஓடியிருந்தால் ஏறியிருக்கலாம். ஓடவில்லை. நோயாளிகளைத் தூக்கித் தூக்கி மேலே கொண்டுபோனார்கள். அலை கூரையையும் தாண்டியது. 40 நோயாளிகளும் போனார்கள். ஊழியர்களிலும் 24 பேர் போனார்கள். அவர்கள் நினைவாக ஒரு கல் நிற்கிறது. தம்பி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

அந்த இடத்தில் நின்றபோது எனக்குக் கொல்கத்தா நினைவு வந்தது. அதே 2011, டிசம்பர் 9, தனியார் மருத்துவமனை ஒன்றில் அடித்தளத்தில் பிடித்த தீயின் புகை மாடிகளை நிரப்பித் தொண்ணூறு பேர் அளவில் இறந்தார்கள். கேரளத்து நர்ஸ்கள் இருவர் தங்கள் வார்டில் இருந்த எட்டுப் பேரை வெளியேற்றிவிட்டு, ஒன்பதாமவருக்காகத் திரும்பிப் போய் இறந்தார்கள். நாம் இவர்களைத் தியாகிகள் என்கிறோம். அவர்கள் அதற்கு உரியவர்களும்தான். ஆனால் அந்தச் சொல் மற்ற எல்லாரையும் தப்பவிட்டுவிடுகிறது என்பது என் எண்ணம். எரியும் பொருளை அடித்தளத்தில் அடுக்க விட்டவர்கள், எழ முடியாத நாற்பது பேரைக் கடலுக்கு முன்னால் படுக்க வைத்தவர்கள், இரவுப் பணியில் யார் எதைச் செய்வது என்று எழுதாமல் விட்டவர்கள் எல்லாரும் அஞ்சலிக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்துவிட முடிகிறது. செஞ்சிலுவை மருத்துவமனையின் ஊழியர்கள் ஒகாட்சு ஊழியர்களைவிடத் துணிச்சல்காரர்கள் அல்ல. அவர்களுக்கு அந்த அளவு துணிச்சல் தேவைப்படாதபடி ஐந்தாண்டுக்கு முன்பே சிலர் யோசித்துவைத்தார்கள்.

ஒகாட்சுவில் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்களையும் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். கிழவர்களும் கிழவிகளும் நடந்து வருகிற தூரத்தில் ஆஸ்பத்திரி வேண்டும் என்பது நியாயமான ஆசை. நாகப்பட்டினத்திலும் இதே இழுபறிதான். 2022இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி கடற்கரை நகரத்தை விட்டு உள்ளே ஒரத்தூரில் இருக்கிறது. ஊருக்குள் இருக்கும் மருத்துவமனையை அங்கே மாற்றாதீர்கள், தூரம் என்று மக்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அவசரத்துக்குப் பக்கத்தில் ஒன்று, பேரழிவுக்குத் தள்ளி ஒன்று என்று இரண்டும் வேண்டும், செலவுதான். ஆனால் கட்டடம் எங்கே இருந்தாலும், யார் பெயர் எங்கே என்று எழுதிவைக்கச் செலவில்லை.

மருத்துவமனைப் பாதுகாப்புக்கென்று நம் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இலேயே விரிவான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுவிட்டது. திட்டம் எழுத வேண்டும், குழு அமைக்க வேண்டும், ஒத்திகை நடத்த வேண்டும் என்று அதில் எல்லாம் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் ஆட்கள் ஓரிடத்தில் இருப்பதில்லை. கவுன்சலிங், இடமாற்றம், ஒப்பந்தம் முடிவது என்று மாறிக்கொண்டே இருப்பார்கள். பெயர் போட்ட பட்டியல் ஆறு மாதத்தில் பழசாகிவிடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதைத் திருத்துவது ஒருவரின் வேலையாக இருந்தால்தான் அது உயிரோடு இருக்கும்.

இதைப் படிப்பவர்களில் மருத்துவமனையில் வேலை செய்கிறவர்கள் இருப்பீர்கள். நர்ஸ், லேப் டெக்னீஷியன், கிளார்க், ஆயாம்மா, யாராக இருந்தாலும் சரி. நாளைக்கு வேலைக்குப் போனதும் பேரிடர்த் திட்டக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கிடைத்தால், அதில் உள்ள பெயர்களில் எத்தனை பேர் இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்கள் என்று எண்ணுங்கள். இரவுப் பணிக்குத் தனிப் பட்டியல் உண்டா, ஸ்டோர் சாவி யாரிடம் என்று எழுதியிருக்கிறதா, உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இல்லாவிட்டால் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.